இதழாசிரியர் கல்கி: ஒரு மதிப்பீடு

கல்கி என்று அறியப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) இன்று பெரும்பாலும் வரலாற்று நாவலாசிரியராகவே நினைவுகூரப்படுகிறார். பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம், பார்த்திபன் கனவு ஆகிய மூன்று நாவல்களும் அவருடைய மற்ற பணிகளை மறைத்து நிற்கின்றன. ஆனால் தன் முப்பதாண்டு எழுத்து வாழ்க்கை முழுவதும் அவர் ஏதாவது ஓர் இதழின் அலுவலகத்தில்தான் பணியாற்றினார். துணையாசிரியராகத் தொடங்கி, வார இதழின் ஆசிரியராகி, பின்னர் சொந்த இதழின் நிறுவனர்களில் ஒருவராக ஆனார். நாவல்கள் அந்தப் பணியின் ஊடாகவே, வாரந்தோறும் அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்களாக எழுதப்பட்டன.

ஆகவே கல்கியின் இலக்கிய இடத்தைப் பற்றிய விவாதம், அவருடைய இதழியலைக் கருத்தில் கொள்ளாமல் நடத்தப்படும்போது முழுமை பெறுவதில்லை. அவரைப் போற்றுபவர்கள் குறிப்பிடும் எளிமை, நகைச்சுவை, வாசகரை விடாமல் பிடித்து வைக்கும் திறன் ஆகியவை இதழாளரின் குணங்கள். அவரை மறுப்பவர்கள் சுட்டும் மேலோட்டம், தழுவல், அரசியல் சார்பு ஆகியவையும் அதே இதழியலில் இருந்து வந்தவையே. கல்கியின் சாதனையும் குறைபாடும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை அவருடைய பணி வரலாறு காட்டுகிறது.

திருச்சியில் தொடக்கம்

கல்கி மாயவரம் அருகிலுள்ள புத்தமங்கலத்தில் 9 செப்டம்பர் 1899 அன்று பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். மாயவரத்தில் பயின்றபின் உயர்நிலைக் கல்விக்காகத் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1921-இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று, பள்ளி இறுதித் தேர்வை எழுதாமலேயே படிப்பை விட்டார். மறு ஆண்டு அரசுக்கு எதிராகப் பேசியதற்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பிற்காலத்தில் அவருடன் இணைந்து இதழ் தொடங்கிய டி. சதாசிவத்துடனான நட்பு இந்தச் சிறைக்காலத்தில் உருவானது.

அன்றைய திருச்சி தேசிய இயக்கத்தின் முக்கியமான மையங்களில் ஒன்று. லண்டனில் படித்த காலத்தில் புரட்சியாளர்களுடன் இருந்த வ.வே.சு. ஐயர் திருச்சி வரகனேரியைச் சேர்ந்தவர். அவருடைய நண்பரான மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். 1930-இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டதும் திருச்சியிலிருந்துதான். திரு.வி. கல்யாணசுந்தரனார் விலகியபின் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற வ.வே.சு. ஐயர், அதில் வெளிவந்த தலையங்கம் ஒன்றுக்காக 1921-இல் சிறைக்குச் சென்றார். கல்கி பள்ளியைவிட்டு வெளியேறியதும் அதே ஆண்டில்தான். பத்திரிகை எழுத்தும் சிறைவாசமும் அடுத்தடுத்த அறைகளாக இருந்த காலம் அது.

இந்தப் பின்னணி கல்கியின் இதழியலைப் புரிந்துகொள்ள அடிப்படையானது. அவர் பத்திரிகைத் தொழிலை ஒரு வேலைவாய்ப்பாகக் கருதி அதற்குள் வரவில்லை. பட்டமோ பள்ளி இறுதிச் சான்றிதழோ இல்லாமல், இயக்கத் தொண்டராக வந்தார். பேச்சு மேடையில் கேட்பவர்களின் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எழுத்துக்கு முன்பே அவருக்கு ஏற்பட்டிருந்தது. அவருடைய உரைநடையில் கடைசிவரை இருந்த, முன்னால் இருப்பவரிடம் நேரடியாகப் பேசும் தொனி அந்த மேடையை நினைவூட்டுவது.

நவசக்தி: பயிற்சிக்களம்

1923-இல் கல்கி சென்னைக்கு வந்து திரு.வி.க. ஆசிரியராக இருந்த நவசக்தி வார இதழில் துணையாசிரியரானார். 1928 வரை அங்கே பணியாற்றினார். காந்தியின் தன்வரலாற்றை இக்காலத்தில் தமிழில் மொழிபெயர்த்தார். முதல் சிறுகதைத் தொகுப்பான சாரதையின் தந்திரம் 1927-இல் வெளிவந்தது.

நவசக்தி தேசியம், தொழிற்சங்கம், தமிழ், சமயம் ஆகிய அனைத்தும் சந்தித்த இதழ். சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்கள் தனித்தனியாக உணவு உண்ண வைக்கப்பட்டது பற்றிய விவாதம் தமிழ்நாட்டைக் கொந்தளிக்கச் செய்தது இக்காலத்தில்தான். 1925-இல் திரு.வி.க. தலைமை வகித்த காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ.வெ. ராமசாமி காங்கிரஸிலிருந்து வெளியேறினார். தமிழகத்தின் பிற்கால அரசியலைத் தீர்மானித்த பிளவுகள் நிகழ்ந்த ஆண்டுகளில், அவற்றின் நடுவே இருந்த ஒரு செய்தி அலுவலகத்தில் கல்கி பயிற்சி பெற்றார்.

மொழியைப் பொறுத்தவரை கல்கி தன் ஆசிரியரைப் பின்பற்றவில்லை. திரு.வி.க.வின் உரைநடை செறிவும் ஓசையும் கொண்டது. பழந்தமிழ்ச் சொற்களை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. கல்கி அதிலிருந்து தமிழ்ச் சொற்றொடரின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு, அதன் கம்பீரத்தை விட்டுவிட்டார். பிறமொழிச் சொற்களைக் குவிக்காமல், பண்டிதத் தமிழுக்கும் போகாமல், படித்த குடும்பங்களின் பேச்சு மொழிக்கு அருகே நிற்கும் ஒரு நடையை உருவாக்கிக்கொண்டார். தமிழ் வார இதழ்களின் பொது நடையாகப் பின்னர் நிலைபெற்றதில் இந்த நடையின் பங்கு பெரிது.

விமோசனம்: பிரச்சாரமும் கதையும்

நவசக்தியிலிருந்து விலகிய கல்கி, திருச்செங்கோடு அருகே ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்துக்குச் சென்றார். மதுவிலக்குப் பிரச்சாரத்துக்காக ராஜாஜி 1929-இல் தொடங்கிய விமோசனம் இதழில் துணையாசிரியராக இருந்தார். இதழ் பத்து இதழ்களுடன் நின்றது. 1930-இல் கல்கி மீண்டும் சிறை சென்றார்.

விமோசனத்தின் ஆயுள் குறைவு. எனினும் கல்கியின் எழுத்தில் அதன் பாதிப்பு நீண்டது. ஒரே ஒரு செய்தியைச் சொல்லும் இதழை வாசகர் ஆர்வத்துடன் படிக்கும்படி செய்வது எப்படி என்பது அங்கே அவர் எதிர்கொண்ட சிக்கல். கள்ளுக்கடை குடும்பத்தை அழிக்கிறது என்னும் கருத்தைக் கட்டுரையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது. அதைக் கதையாகவும், கேலியாகவும், படமாகவும் மாற்றவேண்டியிருந்தது. கருத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குச் சுவையான வடிவத்தைத் தேடும் முறை இங்கே உறுதிப்பட்டது. அது பிரச்சார எழுத்தாளருக்கு வலிமை, புனைகதையாளருக்குப் பெரும் தடை. கல்கியின் சமூகச் சிறுகதைகளில் பல, முடிவு முன்பே தெரிந்தவையாக இருப்பதற்கு இந்தப் பயிற்சி ஒரு காரணம்.

ஆனந்த விகடன்: ஆசிரியரின் ஆளுமை

1926-இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். அதே ஆண்டில் கல்கி என்னும் பெயரில் 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரையை விகடனில் எழுதிய கிருஷ்ணமூர்த்தி, 1931-இல் அதன் ஆசிரியப் பொறுப்பேற்றார். பத்தாண்டுகள் நீடித்த இந்தப் பணிதான் அவருடைய இதழியல் ஆளுமையை முழுமையாக வெளிப்படுத்தியது.

கல்கி பல புனைபெயர்களில் எழுதினார். கர்நாடகம், தமிழ்த்தேனீ, அகஸ்தியர், லாங்கூலன், ரா.கி., விவசாயி ஆகியவை அவற்றுள் சில. ஒரே மனிதர் தலையங்கம், நகைச்சுவை, நாடக விமர்சனம், சங்கீத விமர்சனம், சிறுகதை, தொடர்கதை என எழுதியபோதும், வாசகருக்கு ஒரு கூட்டத்தினரின் இதழைப் படிக்கும் உணர்வை அளித்தார். ஆள்பலம் குறைந்த அன்றைய இதழ்களில் இது தேவையாகவும் இருந்தது. ஆனால் கல்கியிடம் ஒவ்வொரு பெயருக்கும் ஓரளவு தனிக்குரல் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தான் எழுதியவற்றைவிட, மற்றவர்களை எழுதவைத்ததில் விகடன் ஆசிரியராக அவர் செய்த பணி பெரிது. ஓவியர் மாலியின் கேலிச்சித்திரங்களும் சங்கீத வித்வான்களின் உருவச் சித்திரங்களும் இக்காலத்து விகடனின் அடையாளமாயின. நகைச்சுவை எழுத்தாளர் தேவன் இங்கே துணையாசிரியராக வளர்ந்து, கல்கிக்குப் பின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான என் சரித்திரம் 1940 ஜனவரியில் விகடனில் தொடராக வரத் தொடங்கியது. எண்பத்தைந்து வயதை நெருங்கிய ஒரு பதிப்பறிஞரின் நினைவுகளை, சிரிப்புக்காக வாங்கப்படும் ஒரு வார இதழின் பக்கங்களில் வெளியிடத் துணிந்தது தமிழ் இதழியலின் சிறந்த ஆசிரிய முடிவுகளில் ஒன்று. சாமிநாதையர் 1942-இல் மறைந்ததால் அந்த நூல் முற்றுப்பெறவில்லை. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியைப் பற்றிய முதன்மையான ஆவணமாக அது இன்றும் உள்ளது.

திரைப்படத்தையும் இதழையும் இணைத்த சோதனையும் இக்காலத்தில் நடந்தது. கே. சுப்ரமணியம் இயக்கிய தியாகபூமி (1939) திரைப்படமாகத் தயாராகிக்கொண்டிருந்தபோதே, அதன் கதை படத்தின் புகைப்படங்களுடன் விகடனில் தொடராக வெளிவந்தது. கதையைப் படித்தவர் படத்துக்கும் படத்தைப் பார்த்தவர் இதழுக்கும் வருமாறு அமைந்த ஏற்பாடு அது. கணவனைவிட்டு விலகி நிற்கும் பெண், ஹரிஜன முன்னேற்றம் ஆகியவற்றைப் பேசிய அந்தக் கதை பெரிய விவாதத்தை உருவாக்கியது. பிரச்சாரத்தையும் வணிகத்தையும் ஒரே வண்டியில் பூட்டும் கல்கியின் முறைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

'கர்நாடகம்': கலை விமர்சனம்

விகடனில் கர்நாடகம் என்னும் பெயரில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, தமிழில் இசை, நடன, நாடக விமர்சனத்தைப் பொதுவாசகரிடம் கொண்டுசென்றது. அதுவரை கச்சேரிகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஆங்கில நாளிதழ்களில் வந்தது. அல்லது ராக லட்சணம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே புரிவதாக இருந்தது. கல்கி கச்சேரிக்குச் சென்ற ஒரு ரசிகரின் இடத்திலிருந்து எழுதினார். பாடகரின் குரல் எப்படி இருந்தது, எந்தப் பாட்டுக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது, மிருதங்கம் எங்கே அதிகமாக ஒலித்தது என்பவை போன்ற செய்திகளின் வழியாக மதிப்பீட்டை உருவாக்கினார். செய்தியாளர் நிகழ்ச்சியைப் பார்க்கும் முறையே இங்கு விமர்சகரின் முறையாகவும் ஆயிற்று.

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் ஆதரவில் நடந்த மாநாட்டுக்குப் பின் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை வேண்டும் என்ற அந்தக் கோரிக்கைக்குச் சென்னையின் சங்கீத உலகில் கடுமையான எதிர்ப்பு இருந்தது. கல்கி இயக்கத்தை உறுதியாக ஆதரித்துத் தொடர்ந்து எழுதினார். அவருடைய இசைக் கட்டுரைகள் சங்கீத யோகம் என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. தன் வாசகர்களில் கணிசமானவர்கள் சங்கீத சபைகளின் உறுப்பினர்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். வாசகர் விரும்புவதை மட்டுமே எழுதியவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதற்கு இந்த விவாதம் முக்கியமான மறுப்பு.

அரசியல் எதிரணியினரின் கலையைப் பாராட்டவும் அவர் தயங்கவில்லை. சி.என். அண்ணாதுரையின் ஓர் இரவு நாடகத்தைப் பார்த்துவிட்டு, அவரை பெர்னார்ட் ஷாவுடன் ஒப்பிட்டு எழுதினார். திராவிட இயக்கத்தின் கொள்கைகளுக்கு முற்றிலும் எதிர்நிலையில் இருந்த ஒரு காங்கிரஸ் இதழாசிரியரிடமிருந்து வந்த பாராட்டு அது. அண்ணாதுரையின் பெயருடன் இன்றும் அந்த ஒப்பீடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

கல்கி இதழ்: உரிமையும் பொறுப்பும்

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்க விரும்பியபோது எழுந்த கருத்து வேறுபாட்டால் கல்கி விகடனிலிருந்து விலகினார். மூன்று மாதச் சிறைக்குப் பின், 1941 ஆகஸ்டில் சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி இதழைத் தொடங்கினார். இதழுக்கான முதலீட்டைத் திரட்டுவதற்காக சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி (1941) திரைப்படத்தில் நாரதராக நடித்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த, காகிதம் கிடைப்பது அரிதாகிவந்த நேரத்தில், ஓர் எழுத்தாளரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஓர் இதழ் வெளிவந்தது.

விகடனில் ஆசிரியராக இருந்த கல்கிக்கும் சொந்த இதழை நடத்திய கல்கிக்கும் வேறுபாடு உண்டு. ராஜாஜியின் மகாபாரதம் வியாசர் விருந்து என்னும் தலைப்பில் கல்கி இதழில் தொடராக வந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கம்பராமாயண ரசனையை அவர் தன் வாசகர்களிடம் கொண்டுசென்றார். காந்தியின் வாழ்க்கையை மாந்தருள் ஒரு தெய்வம் என்று எழுதினார். பயணக் கட்டுரைகளில் இலங்கையில் ஒரு வாரம் குறிப்பிடத்தக்கது. பார்த்ததை வரிசையாகச் சொல்வது, நடுவே வரலாற்றைச் சேர்ப்பது, தன்னையே கேலி செய்துகொள்வது என்னும் அவருடைய செய்தி எழுத்தின் இயல்பு அதில் தெரிகிறது.

இதழின் செல்வாக்கை ஒரு பொதுக்காரியத்துக்குப் பயன்படுத்தியதற்குச் சிறந்த சான்று எட்டயபுரம் பாரதி மணிமண்டபம். பாரதி பிறந்த ஊரில் நினைவிடம் அமைக்க கல்கி தன் இதழில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் அனுப்பிய சிறுதொகைகள் சேர்ந்து பெரிய நிதியாயின. 1945-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1947 அக்டோபரில் மண்டபம் திறக்கப்பட்டது. அரசின் உதவியை எதிர்பார்க்காமல், ஓர் இதழும் அதன் வாசகர்களும் சேர்ந்து ஒரு கவிஞருக்கு எழுப்பிய நினைவிடம் என்பதால் தமிழ் இதழியல் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

தொடர்கதை: இதழியலின் விளைவு

உலகெங்கும் வார இதழ்களே தொடர்கதையை வளர்த்தன. சார்லஸ் டிக்கன்ஸ் பாராளுமன்றச் செய்தியாளராகத் தொடங்கி, பின்னர் தானே நடத்திய இதழ்களில் நாவல்களைத் தொடராக எழுதினார். அலெக்சாந்தர் தூமாவின் வரலாற்றுச் சாகசக் கதைகள் பாரிஸ் நாளிதழ்களில் வந்தன. வங்கத்தில் பங்கிம் சந்திரர் 1872-இல் தொடங்கிய வங்கதரிசனம் இதழே அவருடைய நாவல்களுக்குக் களமாக அமைந்தது. கல்கி இந்த வரிசையைச் சேர்ந்தவர்.

பார்த்திபன் கனவு 1941-இலும், சிவகாமியின் சபதம் 1944-இலும் கல்கி இதழில் தொடங்கின. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் முதல் 1954 வரை வெளிவந்தது. மணியம் வரைந்த ஓவியங்கள் கதாபாத்திரங்களுக்கு நிலையான முகத்தை அளித்தன. அக்காலத்தில் இதழின் விற்பனை எழுபதாயிரம் படிகளைத் தாண்டியது. ஒரு படியை ஒரு குடும்பமும் அண்டை வீட்டாரும் படித்த காலம் என்பதால், வாசகர்களின் எண்ணிக்கை இதைப்போல் பல மடங்காகும்.

பொன்னியின் செல்வனில் இதழாளரின் கை மூன்று இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. முதலாவது, நாவலின் மையப்பாத்திரம். வந்தியத்தேவன் அரசனோ பெருவீரனோ அல்லன். ஓலை கொண்டுசெல்பவன். ஊர் ஊராகப் போகிறான், ஒட்டுக்கேட்கிறான், பார்த்ததையும் கேட்டதையும் இணைத்து ஊகிக்கிறான். வாசகர் அறியவேண்டிய ஒவ்வொரு செய்தியும் பெரும்பாலும் அவன் வழியாகவே வருகிறது. சோழ நாட்டின் அரசியலை ஒரு செய்தியாளன் போல் சுற்றிப் பார்க்கும் இந்தப் பாத்திரமே நாவலுக்கு வேகத்தைத் தருகிறது.

இரண்டாவது, ஆதாரங்களைக் கையாளும் விதம். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, டி.வி. சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆய்வுகளை கல்கி பயன்படுத்தினார். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு சிலரைக் குற்றவாளிகளாகக் குறிப்பிட்டாலும், கொலையின் பின்னணி வரலாற்றில் தெளிவாகவில்லை. நாவலிலும் கல்கி அந்தக் கொலையை ஐயத்துக்கு இடமானதாகவே விட்டார். எதையும் தீர்த்து முடிக்கவேண்டிய தொடர்கதையில் இந்த நிதானம் அரிதானது.

மூன்றாவது, முடிவுரை. நாவல் நிறைவுற்றபோது பல கேள்விகளுக்கு விடை இல்லை என்று வாசகர்கள் குறைப்பட்டனர். கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று விளக்கினார். தன் படைப்பின் வடிவத்தைக் காப்பதைவிட வாசகருக்குப் பதில் சொல்வதைக் கடமையாகக் கருதும் மனநிலை இது. இதழாசிரியர் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறார், நாவலாசிரியர் அதற்கு வழிவிடுகிறார்.

சமகால நிகழ்வுகளைக் களமாகக் கொண்ட அலை ஓசையில் இதே முறை முழு வெற்றி பெறவில்லை. 1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கம், சுதந்திரப் போராட்டம், தேசப்பிரிவினை, காந்தியின் மறைவு ஆகியவற்றை அந்நாவல் தொடுகிறது. 1956-இல் அதற்கு சாகித்திய அகாதமி விருது, ஆசிரியரின் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. வரலாற்று நிகழ்வுகள் அதில் செய்திச் சுருக்கம் போல அடுக்கப்பட்டு, பாத்திரங்கள் அவற்றின் பின்னால் ஓடவேண்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் கற்பனைக்குக் கிடைத்த இடம், நேற்றைய செய்தியில் அவருக்குக் கிடைக்கவில்லை.

விவாதங்கள்: பாரதியும் தழுவலும்

கல்கியின் இதழியல் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது இரண்டு விவாதங்களில். முதலாவது, 1930-களின் நடுவில் பாரதி மகாகவியா என்பதைப் பற்றி எழுந்தது. பாரதி சிறந்த தேசியகவி, ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத்தக்கவரல்லர் என்னும் நிலையை கல்கி விகடனில் எடுத்தார். வ.ரா. அதை மறுத்தார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் தினமணியில் எழுதிய மறுப்புக் கட்டுரைகள் கண்ணன் என் கவி என்னும் நூலாயின. தமிழில் நவீன இலக்கிய விமர்சனத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அந்நூல் கருதப்படுகிறது. கல்கியின் மதிப்பீட்டைக் காலம் ஏற்கவில்லை. பத்தாண்டுகளுக்குள் அவரே பாரதிக்கு நினைவிடம் எழுப்ப முன்நின்றார் என்பது அவருடைய தரப்பில் சொல்லவேண்டியது.

இரண்டாவது, தழுவல் பற்றியது. அயல்நாட்டுக் கதைகளை மூலத்தைச் சொல்லாமல் தழுவி எழுதுகிறார் என்று புதுமைப்பித்தனும் மணிக்கொடி வட்டத்தினரும் குற்றம் சாட்டினர். வாரந்தோறும் பல பெயர்களில் பக்கங்களை நிரப்பவேண்டிய ஆசிரியருக்கு இந்தப் பழக்கம் எளிதில் வரும். அன்று பல இதழ்களில் இருந்தது என்றும் வாதிடலாம். ஆனால் பெரும் வாசகர் கூட்டத்தின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவருக்கு மூலத்தைச் சொல்லும் கடமை கூடுதலாக உண்டு. இதில் புதுமைப்பித்தனின் தரப்பே வலுவானது.

1933-இல் தொடங்கிய மணிக்கொடி குறைந்த வாசகர்களுடன், நின்றும் மீண்டும் வெளிவந்தும் சில ஆண்டுகளே நீடித்தது. அதே ஆண்டுகளில் விகடன் வீடு வீடாகச் சென்றது. இந்த இரு போக்குகளும் பகைகளாக மட்டும் இருக்கவில்லை. மணிக்கொடி தமிழ்ச் சிறுகதையின் தரத்தை நிறுவியது. விகடனும் கல்கியும் அச்சிட்ட தமிழைத் தொடர்ந்து படிக்கும் பழக்கத்தை, குறிப்பாகப் பெண்களிடையே, பரவச்செய்தன. தீவிர இலக்கியத்துக்குப் பின்னாளில் வந்த வாசகர்களில் பலர் அந்தப் பழக்கத்தின் வழியாக வந்தவர்கள்தான்.

அரசியல் சார்பு

கல்கியின் இதழியலில் மிகப் பெரிய குறை அவருடைய அரசியல் நெருக்கம். ராஜாஜியிடம் அவருக்கு இருந்த பக்தி விமோசனம் காலத்திலிருந்து இறுதிவரை மாறவில்லை. 1942-இல் ராஜாஜி காங்கிரஸிலிருந்து விலகி, வெள்ளையனே வெளியேறு போராட்டத்துக்கு எதிராக நின்றபோதும் கல்கி அவர் பக்கமே நின்றார். பெருவாரியான தேசியவாதிகள் ராஜாஜியை வெறுத்த நேரத்தில் அப்படி எழுதுவதற்குத் துணிச்சல் தேவை. ஆனால் அந்தத் துணிச்சல் ராஜாஜியை எதிர்த்துக் கேட்கவேண்டிய இடங்களில் வெளிப்படவில்லை. ஒரு தலைவரின் ஒவ்வொரு முடிவுக்கும் நியாயம் கண்டுபிடிக்கும் இதழ், வாசகருக்குத் தரவேண்டிய சுதந்திரமான பார்வையை இழந்துவிடுகிறது.

இதனுடன் தொடர்புடைய இன்னொரு குறையும் உண்டு. கல்கியின் இதழ்களில் தெரியும் தமிழகம் பெரும்பாலும் படித்த நடுத்தரக் குடும்பங்களின் தமிழகம். மயிலாப்பூர் வீட்டுக்கூடம், தஞ்சை அக்ரகாரம், சபா, ரயில் பயணம் ஆகியவை நிறைந்த உலகம் அது. மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றை அவர் உண்மையான அக்கறையுடன் எழுதினார். எனினும் அம்மக்கள் சீர்திருத்தப்பட வேண்டியவர்களாகவே அவருடைய பக்கங்களில் வந்தனர். இதழின் வழியாகத் தம் குரலில் பேசுபவர்களாக வரவில்லை. சேரன்மாதேவி விவாதத்தை அருகிலிருந்து பார்த்த ஒருவரின் இதழில், அதிலிருந்து பிறந்த அரசியலின் நியாயம் போதிய அளவு இடம்பெறவில்லை.

மதிப்பீடு

கல்கி 5 டிசம்பர் 1954 அன்று மறைந்தார். அவர் எழுதிவந்த அமரதாரா தொடரை அவருடைய மகள் ஆனந்தி நிறைவுசெய்தார். கல்கி இதழ் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து, 2020-இல் அச்சு வடிவத்தை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கத்தில் பொன்னியின் செல்வன் இரு பகுதிகளாகத் திரைப்படமானபோது, நாவல் மீண்டும் புதிய தலைமுறை வாசகர்களிடம் சென்றது.

இதழாசிரியராக கல்கியின் பங்களிப்பை மூன்றாகத் தொகுக்கலாம். தமிழ் வார இதழுக்கு, பண்டிதரும் பள்ளிப் படிப்பு மட்டுமே பெற்றவரும் சேர்ந்து படிக்கத்தக்க உரைநடையை அளித்தார். இசை, நடனம், நாடகம், இலக்கியம் ஆகியவற்றைப் பொதுவாசகர் விவாதிக்கும் பொருள்களாக்கினார். வாசகர்களை ஒரு பொதுக்காரியத்துக்குத் திரளக்கூடிய சமூகமாகக் கண்டு, எட்டயபுரத்தில் அதை நிரூபித்தார்.

அவர் விட்டுச்சென்ற சிக்கல்களும் தமிழ் இதழியலில் தொடர்ந்தன. ஆசிரியரே நட்சத்திர எழுத்தாளராக இருக்கும் இதழ் அவருக்குப் பின் என்ன செய்வது, தலைவருடனான நட்பையும் இதழின் நேர்மையையும் எப்படிப் பிரித்துவைப்பது, வாசகரின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் தருவது ஆகிய கேள்விகளை அவருக்குப் பின்வந்த ஒவ்வொரு பெரிய இதழாசிரியரும் சந்திக்க நேர்ந்தது. தமிழிசை விவாதத்தில் கல்கி வாசகரின் பழக்கத்துக்கு எதிராக நின்றார். ராஜாஜி விஷயத்தில் தன் பழக்கத்துக்கு எதிராக நிற்க அவரால் இயலவில்லை.

திருச்சியில் தேர்வு எழுதாமல் பள்ளியைவிட்டு வெளியேறிய மாணவர், முப்பதாண்டுகளில் பல லட்சம் தமிழர்களுக்கு வாசிப்பைக் கற்பித்தவரானார். அவர்களுக்கு அவர் கொடுத்த வாசிப்பின் எல்லைகள் விமர்சிக்கப்படவேண்டியவை. அந்த விமர்சனத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பெருவாசகர் திரளை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே அவருடைய இடத்தை மதிப்பிட வேண்டும்.